சுபேதாருக்கு ஒரு டாங்கி

ஊமத்தம்பட்டி இளைஞர் நற்பணி மன்றத்தில் மொத்தம் மூன்று இளைஞர்கள். மூன்று பேருக்கும் பேரன் பேத்தி உண்டு. ஒச்சப்பன் தலைவர், மொக்கராசு செயலாளர், வீரணன் உறுப்பினர். இதுநாள் வரை அவர்கள் செய்த நற்பணி கேரம் விளையாடியதுதான். அதையும் சும்மா சொல்லக்கூடாது, ஒருநாள் கூட லீவு போடாமல் செய்தார்கள்.

கேரம் ஆடும் தகரக் கொட்டகை சுபேதார் காத்தமுத்துவுக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் டாங்கி ஓட்டினவர். அவர் சண்டையில் ஓட்டின அதே டாங்கியைக் கையகலத்துக்குச் செய்து பார்க்க, வெளிநாட்டிலிருந்து மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே பிளாஸ்டிக் துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் வெட்டி ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். சுபேதாருக்கோ ரெண்டு கண்ணிலும் புரை. ஆபரேசனுக்கு மதுரைக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கொண்டுவந்து மன்றத்தில் கொடுத்தார்.

"டேய், உள்ள இருக்கிற தாள்ல என்ன போட்டிருக்கோ அப்படியே செய்யணும். கட்டு அவுத்துட்டு வந்ததும் நான் மொதல்ல என் டாங்கியைப் பாக்கணும். பாத்துட்டேன்னா கொட்டகை சாவி உங்களுக்கு. இல்லைன்னா வாழைக்காய் மண்டிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குக் குடுத்துருவேன்."

யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க முடியாத நிலையில் இருந்தார், பாவம்.

பெட்டியைப் பாய் விரித்து வைத்தார்கள். மொக்கராசுக்கு இங்கிலீஷ் தெரியும். மெதுவாகப் படிப்பான், ஆனால் சத்தமாகப் படிப்பான். மூடியின் மேல், நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு என்பதற்கு, 1/35 என்று போட்டிருந்தது.

"முப்பத்தஞ்சுல ஒண்ணு," என்றான்.

"எது?"

"இந்தப் பெட்டிதான் தலைவரே. மொத்தம் முப்பத்தஞ்சு. நமக்கு ஒண்ணுதான் வந்திருக்கு."

ஒச்சப்பன் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "அதானே பாத்தேன்! டாங்கியாவது, இம்புட்டூண்டு பெட்டிக்குள்ள அடங்குறதாவது!"

மிச்சப் பெட்டிகளை ஏற்றிவர வீரணன் டிராக்டரோடு தபாலாபீசுக்குப் போனான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாள் தபால்காரர் அவனைத் தூரத்தில் பார்த்ததுமே சைக்கிளை வேறு தெருவில் திருப்பிவிட்டார். சரி, வந்தவரைக்கும் ஒட்டுவோம், மிச்சம் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று மன்றம் கூடித் தீர்மானம் போட்டது.

தாளின் முதல் வரி, காற்றோட்டமான இடத்தில் வைத்து ஒட்டவும் என்றது.

"ஃபேன் போட்டா போதும்ல?" என்றான் வீரணன்.

"காத்து ஓடணும்னு போட்டிருக்கு," என்றார் ஒச்சப்பன். "ஃபேன் காத்து எங்கய்யா ஓடுது? இருந்த இடத்துலயே சுத்துது."

ஆகவே கண்மாய்க் கரைக்குப் போனார்கள். ஆடி மாசம். காற்று ஓடியது. பெட்டியில் இருந்த மூன்று குட்டிச் சிப்பாய்களின் தலைகளும் அதோடு சேர்ந்து ஓடின. உடம்பு மட்டும் மொக்கராசு கையில் நின்றது. மூன்று பேரும் தண்ணீரில் இறங்கித் தேடி, ஆளுக்கொரு நத்தையோடு கரையேறினார்கள்.

"தலை இல்லாம எப்படிப்பா சண்டை போடுவாங்க?" என்று வீரணன் மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு இளகின மனசு.

"உள்ள இறக்கி உக்கார வச்சு மூடியைப் போட்டுருவோம்," என்றார் ஒச்சப்பன். "வெளிய இருக்கிறவனுக்கு என்ன தெரியப் போகுது?"

எப்படியோ டாங்கி ஒட்டி முடிந்தது. சக்கரம் கூட உருண்டது. அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புது வண்டியாயிற்றே, பூசை போடாமல் இருப்பார்களா? சூடம் காட்டி, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தள்ளினார்கள். பழம் அப்படியே இருந்தது. டாங்கி மல்லாக்க விழுந்தது.

"இதை வச்சுக்கிட்டா எதிரியை ஜெயிச்சாங்க?" என்றான் மொக்கராசு.

"எதிரி எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருக்க மாட்டான்," என்றார் ஒச்சப்பன்.

ஆனால் பழம் நசுங்காமல் வண்டியை எடுப்பது ஆகாத காரியம். நெடுநேரம் யோசித்து வீரணன் தன் வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சங்காய் ஊறுகாயை எடுத்துவந்தான். அது நன்றாக ஊறிக் குழைந்திருந்தது. டாங்கி அதன்மேல் ஜம்மென்று ஏறி இறங்கியது. மூன்று பேரும் கைதட்டினார்கள். டாங்கியின் சக்கரச் சங்கிலியெல்லாம் மிளகாய்ப்பொடி.

கடைசியாகப் பெயிண்ட். மொக்கராசு தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். நிற்கிற இடத்தோடு இடமாக, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி வர்ணம் பூசவும்.

"நிக்கப்போற இடம் எது?" என்றார் ஒச்சப்பன்.

கொட்டகை வாசலில், ரோடு போடுவதற்காகப் பஞ்சாயத்தில் கொட்டி வைத்த சல்லிக் குவியல் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. சுபேதார் காரை விட்டு இறங்கியதும் அதுதான் எதிரே நிற்கும். டாங்கி முழுக்கச் சாம்பல் பெயிண்ட் அடித்து, அதன்மேல் பசை தடவி, பொடிச்சல்லியாகப் பொறுக்கி இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினார்கள். வீரணன் அதைக் கொண்டுபோய்க் குவியலில் வைத்துவிட்டு ரெண்டடி பின்னால் வந்து திரும்பினான்.

"தலைவரே, எங்க வச்சேன்?"

"நீதானேடா வச்ச!"

"வச்சேன். காணோமே!"

ஒச்சப்பன் பார்த்தார். மொக்கராசு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தாளில் போட்டபடியே அமைந்துவிட்டது என்று மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சுபேதார் வந்து இறங்கினார். ஊமத்தம்பட்டிக்கு வந்துதான் கண்ணைத் திறப்பேன் என்று வழியெல்லாம் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே வந்த மனுசன். குவியலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கடா என் டாங்கி?"

"உங்களுக்கு முன்னாடிதான் நிக்குதுய்யா."

சுபேதார் உற்றுப் பார்த்தார். குனிந்து பார்த்தார். "தெரியலையேடா."

"தெரியலையாம்!" மூன்று பேரும் துள்ளிக் குதித்தார்கள்.

சுபேதார் கைத்தடியைக் கீழே போட்டார். "ஆபரேசன் பலிக்கலையா? அடப்பாவிகளா, என் கண்ணு போச்சேடா!" என்று நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதே விட்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வீரணன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான். "அழாதீங்கய்யா. எங்களுக்குந்தான் தெரியல."

"உங்களுக்குமா?"

"சத்தியமா தெரியல."

மொக்கராசு விரலை மடக்கி யோசித்தான். "ஐயாவுக்கும் தெரியல, நல்ல கண்ணு உள்ள எங்களுக்கும் தெரியல. அப்ப ஐயா கண்ணு நல்ல கண்ணாயிருச்சுன்னு அர்த்தம்."

சுபேதார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதில் நியாயம் இருப்பதுபோல்தான் பட்டது. ஆனாலும் பட்டாளத்துக்காரர் அல்லவா, பேச்சு பேச்சுதான். "டாங்கியைப் பாக்காம சாவி கிடையாது," என்றார்.

ஒச்சப்பன் தலைவர் ஆனது சும்மா இல்லை. "ஐயா, இந்தக் குவியல் தெரியுதா?"

"தெரியுது."

"முழுசாத் தெரியுதா?"

"முழுசாத் தெரியுது."

"டாங்கி அதுலதானே இருக்கு? முழுக்குவியலையும் பாத்தா டாங்கியையும் சேத்துத்தானே பாக்குறீங்க?"

சுபேதார் குவியலை மேலிருந்து கீழே பார்த்தார். மெல்ல எழுந்து, விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் வைத்தார். "சண்டையில இப்படி மறைச்சு வைக்க எங்க மேஜருக்கே வரலடா," என்றார். சாவியை எடுத்து ஒச்சப்பன் கையில் வைத்தார்.

மறுநாள் காலையில் ரோடு போட ஆட்களோடு வந்து இறங்கினார் இன்ஜினீயர். சல்லியில் மண்வெட்டி படுவதற்குள் சுபேதார் கைத்தடியோடு குறுக்கே பாய்ந்தார். மன்றம் முழுவதும் அவருக்குப் பின்னால் அணிவகுத்து நின்றது.

"கை வைக்காதீங்க! ராணுவ வண்டி நிக்குது."

இன்ஜினீயர் குவியலைச் சுற்றி வந்தார். "எந்த வண்டி? எங்க நிக்குது?"

"தெரியலையா?"

"ஒண்ணும் தெரியலையே பெரியவரே!"

சுபேதாரின் முகம் அப்படியே இளகிவிட்டது. இன்ஜினீயரின் தோளில் கைபோட்டு, காதோரம் குனிந்து சொன்னார்:

"பயப்படாதீங்க தம்பி. எனக்கும் நேத்து இப்படித்தான் இருந்துச்சு. மதுரையில ஒரு நல்ல டாக்டர் இருக்காரு."