வண்டு தொடாத பூ

மடத்துத் தோட்டத்தில் அந்த வருஷம் பூசணி காய்க்கவில்லை.

காரணம் மருதப்பன். பத்திர ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று, துறவு தேடி வந்த சீடர். குருவைவிட மூத்தவர். மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

பூசைக்கு வண்டு தொடாத பூ வேண்டும். அது வழக்கம். விடியுமுன் எழுந்து பறித்தால் தீர்ந்தது. இவருக்கு எழச் சோம்பல். சித்திரையில், இலுப்பை மரத்துத் தேன்கூட்டைப் பந்தம் கொளுத்தி எரித்துவிட்டார். அதன்பிறகு வெயில் வந்தபின் ஆற அமரப் பறித்தார்.

ஆடியில், கிணற்றுத் தண்ணீரில் பூசணிக்கொடி தோட்டத்தை மூடியது. மஞ்சள் மஞ்சளாகப் பூ. பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தது. மழையும் பொய்த்த வருஷம். மத்தியானப் பந்திக்கு வருகிற சனத்துக்கு உப்புக் கஞ்சிதான் மிச்சம்.

"சாமிக்குச் சுத்தமாப் பூ வச்சீரு. சனத்துக்கு எதைக் குழம்பு வைக்க? உம்ம தலையையா?" என்றாள் சமையல்கார சடைச்சி.

மருதப்பன் குருவிடம் போய் நின்றார். "சாமி, என்ன செய்ய?"

குரு ஆண்பூ ஒன்றைப் பறித்தார். இதழைக் கிழித்துப் போட்டார். நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் தேய்த்தார்.

"இதைத்தான் நீர் எரிச்ச தேனீ செஞ்சுது. இனி நீர் செய்யும்."

வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். மருதப்பன் விடியலில் இருந்து குனிந்தார். மாதம் முழுக்கக் குனிந்தார். இடுப்பு போயிற்று. முரட்டுக் கை. பாதிக் காம்பு ஒடிந்தது, மீதி அழுகியது. பந்தி சுருங்கியது. சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போனார்கள்.

"முடியல, சாமி."

"முடியலன்னு அந்தத் தேனீ என்னிக்காவது வந்து சொல்லுச்சா?"

மருதப்பன் அழுதார். குரு தடுக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் முள்வேலிக்குள் இரண்டு காய் தெரிந்தது. மருதப்பன் கை எட்டாத இடம்.

"சாமி! நான் தொடாத பூ! ஆண்டவனே எறங்கிட்டான்!"

"போய்ப் பாரும்."

மறுநாள் விடிய வேலியோரம் படுத்துப் பார்த்தார். கொசு அளவில் கறுப்பாக ஒன்று பூவுக்குள் புரண்டது. வெளியே வந்து பறந்தது. பின்னாலேயே போனார். கக்கூஸ் சுவர் விரிசலுக்குள் நுழைந்தது. அங்கே சின்னதாக ஒரு கூடு.

திரும்பி வந்து, கண்டதைக் குருவிடம் சொன்னார்.

"ரெண்டே காய், சாமி. பந்தியில ஆளே இல்லியே."

"இருக்கிறவனுக்குப் போடும். யாரு குடுத்ததுன்னு கேட்டா பேரைச் சொல்லும்."

"என்னன்னு சொல்ல?"

"கக்கூஸ் சுவர்க் கொசுத்தேனீ."