பிள்ளையோடு வந்தவள்

இசக்கியம்மாள் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறாள் என்று கேட்டதும் ஆவுடையப்பனுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அந்த மடத்தில், குடியை விட வருகிறவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். மருந்து உண்டு, கஞ்சி உண்டு, சாயங்காலம் தியானம் உண்டு. மடத்தின் தலைவி அருளம்மை. வாசல் ஆவுடையப்பன் பொறுப்பு. அருளம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான். ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

வாசலுக்கென்று சில வழக்கங்கள் வைத்திருந்தார்கள். வீட்டார் கொண்டுவந்தால் எந்த நிலையில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்வது. தனியாக வருகிறவர் தெளிந்து வர வேண்டும். குழந்தை குட்டிகளுக்கு உள்ளே இடமில்லை. எல்லாம் ஆவுடையப்பன் வாசலில் நின்று பட்டுத் தெரிந்து ஏற்படுத்தியவை.

இசக்கியம்மாள் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். இடுப்பில் ஒரு வயது நிரம்பாத பெண்குழந்தை.

“திரும்பவும் பிள்ளையோட வந்திருக்க.”

“ஆமா அண்ணாச்சி.”

“பிள்ளைக்கு இங்க இடமில்லன்னு போன தடவையே சொன்னேன்லா?”

“அதுக்கு முந்தி தனியாத்தான் வந்தேன். பச்சப் பிள்ளையப் போட்டுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயான்னு ஏசினிய. அதான் தூக்கிட்டு வந்தேன்.”

அவர் ஓர் எட்டு முன்னால் வைத்தார். வாடை முகத்தில் அடித்தது.

“குடிச்சிருக்க.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“குடியை விட வாரவ குடிச்சிட்டா வருவா? அதுவும் பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு?”

“குடிக்கலன்னா கை நடுங்குது அண்ணாச்சி. ரெண்டு பஸ் மாறி வரணும். கூட்டத்துல பிள்ளையக் கீழ போட்டிருவேனோன்னு பயந்து, கொஞ்சமா…”

“கொஞ்சமா.” ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வான்னு சொன்னேனே, அது என்னாச்சு?”

“யாரைக் கூட்டிட்டு வர? மாமியாருக்குத் தெரிஞ்சா பிள்ளைய வாங்கிக்கிட்டு என்னைய விரட்டிருவாவ. எங்க அம்மை, இப்படி ஒருத்திய நான் பெறவே இல்லன்னு தெருவுல நின்னு சொல்லியாச்சு. அவருக்குத் திருப்பூர்ல வேற குடும்பம்.”

“அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். கடைசி பஸ்ஸுக்கு முந்தி, உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க. இல்லன்னா இனிமே வரமாட்டேன்.”

மிரட்டலாக இல்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

ஆவுடையப்பன் விறுவிறுவென்று உள்ளே போனார். அருளம்மை சமையல்கட்டின் பின்புறம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. இவளுக்கு நெசமாவே விடணும்னு எண்ணம் இருக்கா, இல்லையா? ஆம்பளை குடிக்கான், சரி, உலகத்துல உள்ளது. பெத்தவ குடிப்பாளா?”

அருளம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“காலையில ஒருத்தர ஆட்டோவுல கொண்டுவந்தாவளே.”

“கடையத்துக்காரர். ஆமா.”

“நடந்தா உள்ள வந்தார்?”

“எங்க நடக்க? மச்சினன்மார் தூக்கிட்டு வந்தாவ. இடுப்புல வேட்டி இல்ல.”

“பிள்ளைங்க உண்டா?”

“ரெண்டு. பொஞ்சாதிகிட்ட இருக்கு.”

“நீயெல்லாம் ஒரு தகப்பனான்னு கேட்டீரா?”

“கேக்கிற நிலைமையிலா அவர் இருந்தார்?”

“அப்போ தெளிஞ்சதும் கேப்பீர்.”

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். “அம்மா, வாசல்னு இருந்தா ஒரு ஒழுங்கு வேண்டாமா? ஆளுக்கு ஒரு நியாயம் பேசிக்கிட்டிருந்தா நான் எப்படி அங்க நிக்க?”

“சரி. அவ எப்படி வந்தா விடுவீர்?”

“குடிக்காம வரட்டும்.”

“கை நடுங்கும். பிள்ளை கீழ விழும்.”

“பிள்ளைய விட்டுட்டு வரட்டும்.”

“யாருகிட்ட?”

“வீட்டாருகிட்ட.”

“வீட்டார் இருந்தா, அவ எந்த நிலைமையில வந்தாலும் நீரே சேத்திருப்பீரே. கடையத்துக்காரரச் சேத்த மாதிரி.”

“அப்படின்னா…” என்று ஆரம்பித்த ஆவுடையப்பன், துண்டை மறுபடியும் உதறித் தோளில் போட்டார்.

அருளம்மை கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு நடந்தார். குழந்தையை வாங்கக் கை நீட்டினார். இசக்கியம்மாள் சட்டென்று பின்வாங்கி, பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“பிடுங்க வரல. வாசலுக்குப் பக்கத்து அறையிலதான் டாக்டர் இருக்கார். சன்னல் தெறந்திருக்கு. பிள்ளை இந்த முத்தத்தத் தாண்டாது. நீ பாத்துக்கிட்டே இரு.”

இசக்கியம்மாள் சன்னலைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். பிடி மெல்லத் தளர்ந்தது.

அருளம்மை குழந்தையை வாங்கி, அப்படியே ஆவுடையப்பன் கையில் வைத்துவிட்டு அவளை உள்ளே அழைத்துப்போனார்.

ஆவுடையப்பனுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றையும் அவர் தூக்கி வளர்த்ததில்லை. குழந்தையை முதலில் நெஞ்சோடு பிடித்தார். அது மீசையைப் பற்றி இழுத்தது. தோளில் போட்டார், வீறிட்டது. ஒரு கையில் தாங்கி மறுகையால் கிலுகிலுப்பை போலச் சாவிக்கொத்தை ஆட்டினார். சாவிக்கொத்து வாய்க்குப் போனது. அதைப் பிடுங்கியதும் அழுகை இரண்டு மடங்காயிற்று.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். “என்ன அண்ணாச்சி, பேத்தியா?”

“இல்ல, உள்ள சேந்திருக்கிற…” என்று தொடங்கியவர், பால்காரரின் கண் சன்னல் பக்கம் திரும்புவதைக் கண்டார். இன்று இவரிடம் சொன்னால் நாளைக்குப் பாலோடு சேர்ந்து ஊர் முழுக்கப் போகும்.

“ஆமா. பேத்திதான்,” என்றார்.

பால்காரர் போனார். குழந்தை ஆவுடையப்பன் வேட்டியை நனைத்தது. நின்று பார்த்தார், நடந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தால் அழுதது. தோள் இற்றுவிடும்போல் கடுத்தது. வெயில் சாய்ந்து, கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பாலம் ஏறிப் போயிற்று.

உள்ளேயிருந்து யாரும் வருவதாகத் தெரியவில்லை. ஆவுடையப்பன் சன்னலண்டை போய் நின்றார்.

“யம்மா, நான் எவ்வளவு நேரந்தான் ஒத்தையில இதை வச்சிக்கிட்டு நிக்க? கை ரெண்டும் விட்டுப்போச்சு. மாத்தி வாங்க ஒரு ஆளு கெடையாதா?”

உள்ளேயிருந்து அருளம்மையின் குரல் வந்தது.

“அதைக் கேட்டுத்தான் அவளும் வந்தா.”