எட்டுக் கட்டிலுக்கும் ஒரே சூடு

பிரசவ வார்டில் எட்டுத் தாய்மார் படுத்திருந்தால், எட்டுப் பேருக்கும் ஒரே அளவாகவா உடம்பு சுடும்? பிள்ளை பெற்றவர்கள் நீங்களே சொல்லுங்கள்.

வார்டின் தலைமை நர்ஸ் ரெஜினா மேடம் புரட்டிய சார்ட்டுகளில் அப்படித்தான் இருந்தது. எட்டிலும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

"யார் பார்த்தது?"

"முதல் வருஷம் மலர்க்கனி, மேடம்" என்றாள் இசக்கி. அவள் மூன்றாம் வருஷ நர்சிங் மாணவி. ஜூனியர்களைப் பழக்குகிற பொறுப்பு அவளுடையது. "இப்பல்லாம் அவகிட்ட ஒரு தப்பும் வர்றதில்ல."

"எப்படித் திருத்தினே?"

"வழக்கம்போல பெட்பேன்தான். போன வாரம் விரிப்பு மூலையை ஒழுங்கா மடிக்கல. பார்வையாளர் நேரம் முடியிற வரைக்கும் வாசல்ல அந்த மலச்சட்டியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்க வச்சேன். 'மகாராணி, கிரீடம் சாயுது பாருங்க'ன்னேன். ஒரே சிரிப்பு. அவ அப்பா வேற பலகாரப் பொட்டலத்தோட வந்து நின்னாரு."

மேடம் சிரிக்கவில்லை.

"அவமானப்படாம யாராவது கத்துக்குவாங்களா, மேடம்?"

மேடம் தன் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினார். சித்திரை வெயிலில் கழுத்துவரை போர்த்திக் கிடந்த ஆறாம் கட்டிலைக் காட்டினார். "நீ பாரு."

இசக்கி பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நூற்றி நாலு.

"காலையிலேர்ந்தே குளிருதும்மா" என்றாள் படுத்திருந்தவள். பல் கிடுகிடுத்தது. பக்கத்தில் மூன்று நாள் குழந்தை. "அந்தப் பொண்ணு வெறுங்கையோட வந்துச்சு. அழுதுட்டே என்னமோ எழுதிட்டுப் போச்சு."

டாக்டர் ஓடி வந்தார். டிரிப் ஏறியது. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இந்தக் குழந்தைக்குத் தாய் இல்ல" என்றார்.

இசக்கி மலர்க்கனியைப் பிடித்து உலுக்கினாள். "தெர்மாமீட்டர் எங்கடி?"

மலர்க்கனி கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடித் துண்டுகள்.

"உடைஞ்சிடுச்சுக்கா."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"இன்னிக்கும் அப்பா வர்றாருக்கா."

இசக்கியின் கை தானாக விலகியது. என்ன செய்வது என்று கேட்க மேடத்தைத் தேடினாள். மேடம் அங்கே இல்லை.

பார்வையாளர் மணி அடித்தது. கதவு திறந்தது. தூக்குச்சட்டியும் பிளாஸ்க்குமாக வந்த கூட்டம் வாசலிலேயே திகைத்து நின்றது. அங்கே ரெஜினா மேடம் நின்றிருந்தார், நரைத்த தலைக்கு மேல் பெட்பேனைத் தூக்கிப் பிடித்தபடி.

இசக்கி பதறி ஓடினாள். "ஐயோ, என்ன மேடம் இது! அவளை நிக்க வச்சது நான்தானே? எங்கிட்டக் குடுங்க."

"உன்னை யாரு நிக்க வச்சா?"

இசக்கியின் முதல் வருஷம். இதே வாசல். சிரிஞ்ச் ஒன்று உடைந்துபோன நாள். நிற்க வைத்தது ரெஜினா மேடம்தான்.

"போதும் மேடம். எல்லாரும் பாக்குறாங்க. கையை இறக்குங்க."

மேடத்தின் கை இறங்கவில்லை.

"நான் எவ்வளவு நேரம் நிக்கணும்னு மலர்க்கனிகிட்டக் கேட்டுட்டு வாம்மா."