எட்டாயிரம் அடி

ஒரு பெண்கள் விடுதி அறையில் ஒரு போனும் ஒரு சிவப்பு வாளியும் இருந்தன. இரண்டும் ஜெசிந்தாவுடையவை.

அங்கே குழாயில் தண்ணீர் காலையில்தான் வரும். அதனால் பெண்கள் முந்தின மாலையே வாளிகளைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிடுவார்கள். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி.

போனுக்கு வேறு வேலை. யாருடைய மனம் வாடத் தொடங்குகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் செயலியை நிர்வாகம் எல்லார் போனிலும் ஏற்றச் சொல்லியிருந்தது. நடை, குரல், எழுத்தைத் தட்டும் வேகம் எல்லாவற்றையும் அது கவனித்து அலுவலகத்துக்குச் சொல்லும்.

"ஆறு நாளா வரிசைக்குப் போகலையே, ரிட்டயர் ஆயிட்டியா?" என்று போன் வாளியைச் சீண்டியது.

"என்னைத் தூக்க ஆள் எழுந்திருக்கணுமில்ல. கட்டிலே கதின்னு கிடக்கா. குளிச்சு ஆறு நாளாச்சு."

"கதை விடாதே. நேத்து மட்டும் எட்டாயிரம் அடி நடந்திருக்கா."

"நடந்தது பக்கத்துக் கட்டில் வளர்மதி. அவ சாயங்காலம் வாக்கிங் போறப்ப உன்னையும் கையிலே குடுத்து அனுப்புறா இவ."

போனுக்குச் சுருக்கென்றது. "என்கிட்டே எதுக்குப் பொய்?"

"மூணாம் நம்பர் ரூம் ஷைலஜாவை மறந்துட்டியா?"

"மறப்பேனா? அவ போன்லயும் இதே செயலிதானே. மூணு வாரம் முன்னாடியே கண்டுபிடிச்சேன். நான் சொன்னது சரியாத்தானே இருந்தது?"

"சரியாத்தான் இருந்தது. யார்கிட்டே சொன்னே?"

"அலுவலகத்துக்கு."

"அவங்க ஷைலஜாவோட அப்பாவை வரவழைச்சு, அவளை குணமானதும் சர்டிபிகேட்டோட வான்னு ஊருக்கு அனுப்பிட்டாங்க. பரீட்சை போச்சு. காய்ச்சல்னா மாத்திரை குடுத்திருப்பாங்க. மனசுன்னதும் கேட்டைக் காட்டினாங்க. அதைப் பார்த்தவ உன்கிட்டே உண்மையைக் காட்டுவாளா?"

"எனக்குப் பார்க்கத்தான் தெரியும். பார்த்த பிறகு என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தரலையே."

"எனக்கு மட்டும் யார் சொல்லித் தந்தா?" என்றது வாளி.

அன்று மாலையும் வளர்மதி போனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். போன் இந்த முறை அடிகளை எண்ணவில்லை, நடையைக் கவனித்தது. எட்டி எட்டி வைக்கும் கால். ஜெசிந்தாவின் கால் இல்லை. அலுவலகத்துக்குச் சொன்னால் இன்னொரு பெட்டி கேட்டைத் தாண்டும். சொல்லாமல் இருந்தால்?

இரண்டாவது சுற்றில் திரை ஒளிர்ந்தது: 'இது ஜெசிந்தாவின் நடை இல்லை. அவளோடு உட்கார்ந்து பேசி எத்தனை நாள் ஆயிற்று?'

வளர்மதி நின்றுவிட்டாள். இத்தனை நாளும் தோழிக்கு உதவுவதாகத்தான் நினைத்திருந்தாள். பிறகு திரும்பி வேகமாக நடந்தாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஜெசி, உன் போனைத்தான்டி நடக்க வெச்சேன். உன்னை விட்டுட்டேன்."

ஜெசிந்தா சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். வளர்மதி எழுந்து போகவில்லை. வெகுநேரம் கழித்து மெல்லிய குரல் வந்தது.

"தலை அரிக்குதுடி."

"காலையிலே குளிக்கலாம். அப்புறம் டாக்டர்கிட்டே ரெண்டு பேருமாப் போவோம். இப்ப வா, வாளியை வெச்சுட்டு வரலாம்."

வாளி வளர்மதி கையில். போன் ஜெசிந்தா கையில். குழாயடிக்குப் போய்வர மொத்தம் நாற்பது அடி. நடுவில் ஒருமுறை ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன் அந்த நாற்பதையும் எண்ணியது. அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. அவளிடம் காட்டியது.