வாசலில் தொங்கிய சாட்சி

பெண்கள் கபடி லீக்கில் ஒரு டீமுக்கே கேப்டன் சுடர்க்கொடி. சட்டக் கல்லூரி மாணவியும்கூட. பாடமெல்லாம் டீம் வேனில்தான் படிப்பாள். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கேட்டுப் போனால், வருகைப் பதிவு போதாதென்று முதல்வர் பரமானந்தம் மேசையைத் தட்டினார்.

"உன்னை தினமும் இந்தக் காலேஜ்ல பார்த்ததா ஒரே ஒருத்தர் சொல்லட்டும், தர்றேன்!"

"எழுத்துல இருந்தா போதுமா சார்?"

"தாராளமா!"

சுடர்க்கொடி ஜன்னலைத் திறந்தாள். அவள் கோப்பை வென்றதற்காகக் கல்லூரி கட்டிய பேனர் வாசலில் ஆடியது. அவள் படம் உள்ளங்கை அளவு, முதல்வர் படம் ஆளுயரம். கீழே அவரே எழுதிக்கொடுத்த வரி: "தினமும் என் நேரடிப் பார்வையில் உருவான வீராங்கனை!"

பரமானந்தம் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார்.

"பாஸாவது ஆயிடுவியாம்மா?"

"அடுத்த பேனருக்குச் சொல்லிடுங்க சார். இந்தத் தடவை என் படம் கொஞ்சம் பெருசா!"