சென்னியப்பன் எடுத்த அளவு

ஒரு ஊரில் ஒரு மடம் இருந்ததாம். ராஜா கட்டிய மடமா என்றால், இல்லை. கரண்டு வந்து, பஸ் வந்து, கோயமுத்தூரிலிருந்து மெஷினெல்லாம் வந்து சேர்ந்த பிற்பாடு நடந்த கதை இது. ஊசிப்பாறை என்று ஒரு குன்று. அதன் அடிவாரத்தில் மடம். யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு. எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

அந்த மடத்துக்குக் குரு குமராயி அம்மா. வயசு நாற்பத்தொன்று. அவருடைய சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. குரு சின்னவர், சீடர் பெரியவர். அதனால் சென்னியப்பன் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

சென்னியப்பன் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டுக்காரி தவறிய பின் மடத்துக்கு வந்தார். வந்த அன்றைக்கே தட்டு கழுவும் கூடத்தில் விட்டார்கள். அங்கே பழைய மெஷின் ஒன்று இருந்தது. ட்ரேயில் தட்டுகளை அடுக்கி உள்ளே தள்ளி, மூடியை இழுத்து இறக்கினால், உள்ளே வெந்நீர் அடித்துக் கழுவும். மூடியைத் தூக்கினால் ஆவி கூரை வரைக்கும் போகும்.

சாப்பாட்டுக் கூடத்துக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுச்சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். சாப்பிட்டவர்கள் தட்டை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே நிற்பவருக்கு முகம் தெரியாது. கை மட்டும் தெரியும். சென்னியப்பன் தட்டை எடுப்பார், மிச்சத்தைத் தொட்டியில் தட்டுவார், ட்ரேயில் வைப்பார். பதினோரு வருஷம் அதே வேலை.

அந்த மடத்தில் குரு ஒருவர் காதில் ஒரு சொல் சொல்வார். அதுதான் உபதேசம். சொல் வாங்கியவர் தட்டு கழுவும் கூடத்தை விட்டு வெளியே வந்து, குருவின் முன்னால் உட்காரலாம். சென்னியப்பனுக்குப் பிறகு வந்த நாலு பேர் வாங்கிப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் மனசு தாங்காமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, எனக்கு உபதேசம் எப்பங்க?"

அப்போது பழைய மெஷின் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தார்.

"இது இன்னும் எத்தனை நாள் தாங்குமுங்கண்ணா?"

"குருபூஜை வரைக்கும் தாங்காதுங்கம்மா."

"அப்ப புதுசு வாங்குங்க. நீங்களே பார்த்து வாங்குங்க. புது மெஷின் ஓடற அன்னைக்கு உங்களுக்கு உபதேசம்."

சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லி வைத்தார். பெல்ட்டில் தட்டை நிறுத்தினால் ஒரு வாய் வழியாக உள்ளே போய், கழுவி, காய்ந்து, மறுவாய் வழியாக வெளியே வரும். அப்படிப்பட்ட மெஷின். பட்டறைக்காரர்கள் ஒன்றுதான் கேட்டார்கள்.

"வாய் எத்தனை உயரம் வேணுமுங்க? பெருசா வெச்சா ஆவியெல்லாம் வெளிய போயிரும். உங்க தட்டுக்குச் சரியா ஒரு விரல் கூட வெச்சுக்கலாம். தட்டோட அளவைச் சொல்லுங்க."

இந்த மடத்தில் ஒரு வழக்கம். எதற்கு அளவெடுத்தாலும் குருவின் பொருளைத் தொட்டுத்தான் எடுப்பார்கள். கிணறு வெட்டியபோது அப்போதைய குருவின் கைத்தடியால் அளந்தார்கள். கதவு வைத்தபோது குருவை நிற்கவைத்து அளந்தார்கள். சென்னியப்பன் அம்மாவிடம் போய் நின்றார்.

"உங்க தட்டு கொஞ்சம் வேணுமுங்கம்மா."

எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தார். தன் தட்டைத் தானே கழுவிக்கொள்கிறவர் அவர்; அது ஜன்னலுக்கு வந்ததே இல்லை. சென்னியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மில் ஃபிட்டருக்கே உரிய சுத்தத்தோடு மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஒரே அளவு. எழுதி அனுப்பினார்.

குருபூஜைக்கு முந்தின நாள் மெஷின் வந்தது. லாரியிலிருந்து இறக்கியபோது மடமே கூடிவிட்டது. ஒரு ஆள் படுத்து உருளலாம், அத்தனை நீளம். வெயில் பட்டு மின்னியதில் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். வந்த லாரியிலேயே பழைய மெஷினை ஏற்றி அனுப்பினார்கள். அதற்குச் சென்னியப்பன் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்.

குழாய் இழுத்து, கரண்டு கொடுத்து முடிக்க மறுநாள் காலை ஆகிவிட்டது. பத்து மணிக்குப் பந்தி. மூவாயிரம் பேர் வருவார்கள். எட்டு மணிக்கு அம்மாவின் தட்டை முதலில் வைத்தார்கள். பட்டறையிலிருந்து வந்த ஜெயசீலன் என்ற பொறுப்பாளர் பொத்தானை அமுக்கினார்.

தட்டு மெதுவாக நகர்ந்து, வாய்க்குள் நுழைந்து, மறைந்தது. உள்ளே மழை பெய்கிற சத்தம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுவாய் பக்கம் ஓடினார்கள். தட்டு வந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. தொட்டால் சுட்டது. சென்னியப்பனின் முகம் அதில் அப்படியே தெரிந்தது. யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவதாக, காலையில் உப்புமா சாப்பிட்ட தட்டு ஒன்றை வைத்தார்கள்.

டங்.

தட்டு வாயில் இடித்து நின்றது. பெல்ட் ஓடியது, தட்டு போகவில்லை. வேறொன்று வைத்தார்கள். டங். இன்னொன்று. டங்.

சென்னியப்பன் அம்மாவின் தட்டை எடுத்து மற்றொரு தட்டின்மேல் வைத்தார். சுற்றிலும் இரண்டு விரற்கடை வெளியே தெரிந்தது.

"நீங்க குடுத்த அளவுக்கு ஒரு நூல் தப்பில்லீங்க" என்றார் ஜெயசீலன்.

"தெரியுது."

"சாய்ச்சு வெச்சுப் பார்க்கலாமுங்களா?"

சாய்த்து வைத்தார்கள். தட்டு உள்ளே போய் வந்தது. உப்புமாவும் கூடவே போய்ச் சூடாகி வந்தது.

"வாயை வெட்டிப் பெருசு பண்ணோணுமுங்க. பட்டறைக்குத்தான் போகோணும். இருபது நாள் ஆகும்."

தலைமைச் சமையல் மயிலாத்தா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க சென்னியப்பண்ணா, அரண்மனையைக் கட்டி வெச்சு ஊர்ச்சனத்தை வாசல்லயே நிறுத்திப் போட்டீங்களே! பத்து மணிக்குப் பந்திங்க. நான் என்ன, சோத்தை உள்ளங்கையிலயா போடறது?"

சென்னியப்பன் அம்மாவின் காலில் விழுந்தார். எழவே இல்லை.

"எந்திரிங்கண்ணா. சோப்புத்தூள் எங்க வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேங்கம்மா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் தெரியாதுங்கண்ணா. ஆறு வயசுல இங்க வந்தேன். சின்னப்புள்ளைன்னு இந்தத் தட்டைக் குடுத்தாங்க. அப்புறம் மாத்தவே இல்லை. மத்தவங்க தட்டு பெருசுன்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

குருவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று சென்னியப்பன் அதுவரை நினைத்ததே இல்லை. மெள்ள எழுந்து, சோப்புத்தூள் டின்னைக் கொண்டுவந்தார்.

மூன்று அண்டா வைத்தார்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். அலசவும் துடைக்கவும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஜன்னலடியில் சென்னியப்பன் நின்றார். அவருக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீரில் தேய்க்கிற இடத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நின்றார்.

முதல் பந்தி எழுந்தது. கைகள் வர ஆரம்பித்தன. தட்டு, தட்டு, தட்டு.

"அண்ணா, இந்தத் தட்டுல முருங்கைக்காய் அப்படியே இருந்துதே. நல்லா இல்லையாட்ட இருக்குதுங்களா?"

சென்னியப்பன் அடுத்த தட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் இருக்குமுங்கம்மா. அவருக்குப் பல்லு இல்லீங்க. சோத்தை ரசத்துல கரைச்சுக் குடிச்சிருக்கார், பாருங்க."

"தெரிஞ்சவரா?"

"யாரு கண்டாங்க!"

அம்மா அந்தத் தட்டை இன்னொரு தடவை பார்த்தார். ஓரத்தில், தட்டைத் தூக்கி உதட்டில் வைத்துக் குடித்த அடையாளம் இருந்தது.

"இது?"

"சக்கரை வியாதிங்க. பாயசம் அப்படியே இருக்குது பாருங்க. ஆனா நடுவுல ஒத்தை விரல் கோடு. பொண்டாட்டி அந்தண்டை திரும்பினப்ப ஒரு நக்கு நக்கியிருக்கார்."

அம்மா சிரித்துவிட்டார். துடைக்கிற ஆட்களும் சிரித்தார்கள்.

"இதுல சின்னச் சின்ன உருண்டையா ஒதுக்கி இருக்குதே?"

"குழந்தைக்கு ஊட்டியிருக்காங்க. மூணு உருண்டைக்கு மேல வேண்டாம்னுருச்சு. தாய்க்காரி அதுக்கப்புறம் அவசரமாச் சாப்பிட்டிருக்கா. குழம்புச்சோறு பாதி, மோர்ச்சோறு இல்லவே இல்லை. புள்ள அழுதிருக்கும்."

"இது காலியா இருக்குதுங்களே."

சென்னியப்பன் அந்தத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். தட்டு முழுக்க வட்டம் வட்டமாக விரல் தடம். கோலம் போட்ட மாதிரி.

"பசிங்கம்மா. நேத்தும் சாப்பிடலை. இன்னொரு கரண்டி கேக்கக் கூச்சம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மயிலாத்தாவைக் கூப்பிட்டு, யாரும் கேட்க வேண்டாம், எல்லாத் தட்டுக்கும் இரண்டாந்தரம் போய் நீங்களே போடுங்கள் என்றார்.

மூன்றாம் பந்தி, நாலாம் பந்தி. தட்டுக் குவியல் ஜன்னலை மறைக்கிற உயரம் வந்தது. அம்மா கேட்பதையும் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தட்டாக வாங்கி, பார்த்து, பிறகுதான் தண்ணீரில் இறக்கினார். கல்யாணமான புதுசில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மிளகாயைத் தேடித்தேடித் தின்றவர். இடது கையால் சாப்பிட்டு, அது தெரியாமல் இருக்கச் சோற்றைச் சமன்செய்து வைத்தவர். யார் முகமும் அந்த ஜன்னலில் தெரியவில்லை. ஆனால் ஊரே அந்த வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு தட்டு வந்தது. ஒற்றைப் பச்சை வளையல் போட்ட கை அதை வைத்தது. சென்னியப்பன் எடுத்தார். தொட்டியில் தட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்கண்ணா?"

"சாப்பிடலைங்கம்மா. பிசைஞ்சு, பிசைஞ்சு, பிசைஞ்சுட்டே இருந்திருக்காங்க. ஒரு வாய் கூட எடுக்கலை. இப்படி நான் பிசைஞ்சிருக்கேனுங்க. என்ற வீட்டுக்காரி தவறின வாரத்துல."

"யாரு?"

"முகம் தெரியாதுங்க. ஒத்தைப் பச்சை வளையல்."

அம்மா கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினார். மடத்துக் குரு ஓடி யாரும் பார்த்ததில்லை. கை கழுவுகிற குழாயடியில், சேலை நனைந்தபடி, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒரு பந்தி முழுக்க அவர் வரவில்லை. சென்னியப்பன் இரண்டு வேலையும் தானே செய்தார். திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. பழைய இடத்தில் நின்று, சோப்பில் கையை விட்டார்.

"பையன் தவறிட்டானாமுங்கண்ணா. பதினெட்டு நாள் ஆச்சாம்" என்றார். ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே, "ரெண்டு வாய் சாப்பிட்டாங்க" என்றார்.

சென்னியப்பன் தலையை ஆட்டினார். அடுத்த தட்டு வந்தது.

நாலு மணிக்குக் கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள். துடைத்தவர்கள் போனார்கள், அலசியவர்கள் போனார்கள். மடத்துத் தட்டெல்லாம் சுவரோரம் தூண் தூணாக நின்றது. புது மெஷின் துணி போர்த்தி ஓரமாகக் கிடந்தது. அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

சென்னியப்பன் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"மெஷின் ஓடலைங்க."

"ஓடலை."

"புது மெஷின் ஓடற அன்னைக்குன்னு சொல்லியிருந்தீங்க. அப்ப... இன்னைக்கு உபதேசம் இல்லீங்களா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குத்தானுங்களே அண்ணா உபதேசம் ஆரம்பிச்சுது. இன்னும் நீங்க சொல்லி முடிக்கலையே. நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும்?"

சென்னியப்பன் அம்மாவின் காலில் விழக் குனிந்தார். அம்மா வாசற்படிக்கு விலகிக்கொண்டார். ஆவி இன்னும் முழுசாக அடங்கவில்லை.

"சரிங்கண்ணா, அஞ்சுக்கே வந்துடறேன்."

அம்மா செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். சென்னியப்பன் காலைக்கு இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி சோப்புத்தூள் டின்னை ஜன்னலடியில் எடுத்து வைத்தார். அப்புறம் அவரும் நடந்து வெளியே போனார்.