புகார் வராத வாரம்

கோவில்பட்டியில் ஒரு மாவு மில்லின் மாடியில் குரு ஒருவர் இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது. பெயர் இசக்கியம்மாள், வயது முப்பத்திரண்டு. சீடருக்கோ அறுபது தாண்டிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் பேக்கிங் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற சூசைமாணிக்கம், பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு சும்மா இருக்காமல், கம்ப்யூட்டர் படித்தே தீருவேன் என்று மாடியேறி வந்தவர். முதல் நாள் கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

குரு எழுதிப் பராமரித்து வந்த மென்பொருளின் பெயர் தாழ்ப்பாள். கணக்குத் திறக்கும்போது நாம் கொடுக்கும் கடவுச்சொல் வலுவானதா, கண்ட பயலும் ஊகித்துவிடக்கூடியதா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. குரு அதைப் பேக்கேஜாகக் கட்டி வலையில் ஏற்றிவைப்பார். செயலி எழுதுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கித் தங்கள் செயலிக்குள் பொருத்திக்கொள்ளலாம்.

புண்ணிய காரியம்தான். ஆனால் வந்ததெல்லாம் வசவு. என் அப்பன் முருகன் பெயரையே வேண்டாம் என்கிறாயா என்று ஒருவர். பிள்ளை பெயரும் பிறந்த தேதியும் வைத்தால் உனக்கு என்ன வந்தது என்று இன்னொருவர். ஊரார் வழக்கமாக வைக்கும் கடவுச்சொற்களையெல்லாம் மாதக்கணக்கில் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டவர் சூசைமாணிக்கம்தான். அந்தப் பட்டியலில் இருப்பதையும், அதிலுள்ள பெயரோடு தேதி சேர்த்ததையும் தாழ்ப்பாள் தள்ளிவிடும். பதில் எழுதும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்திருந்தது. எழுதி எழுதி மனிதர் நொந்துபோனார்.

"குருவே, இந்தப் புகாரெல்லாம் என்றைக்கு ஓயும்?"

"அடுத்த வெளியீட்டை நீங்களே கட்டி அனுப்புங்க அண்ணாச்சி. நல்லபடியாப் போச்சுன்னா தாழ்ப்பாள் இனி உங்க பொறுப்பு. என்னைக்கு ஓயும்னு அப்புறம் நீங்களே எனக்குச் சொல்லுங்க."

சீடருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பொறுப்புக்குத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். பேக்கிங் என்றால் நமக்குச் சொல்லியா தரவேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து கட்டினார். தன் கணினியில் சோதனைகளை ஓட்டினார். எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. வலையில் ஏற்றிவிட்டு, வசவுக்குத் தயாராகக் காத்திருந்தார்.

ஒரு வசவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. போதாக்குறைக்கு, இப்போதுதான் தாழ்ப்பாள் மனிதர்களோடு பழகக் கற்றிருக்கிறது என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். சூசைமாணிக்கம் அதை மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். பிறகு கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

"குருவே, புகார் ஓய்ந்துவிட்டது."

இசக்கியம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி என்றார். மிட்டாயைத்தான் சொன்னார்.

"ஒண்ணுகூட வரலையா?"

"ஒன்றுகூட இல்லை."

குருவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"தீப்பெட்டி ஆபீசில் பண்டலை லாரியில் ஏத்துறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு குச்சியை எடுத்து உரசிப் பார்ப்போம்."

"உரசுங்க."

தாழ்ப்பாளையே பார்த்தறியாத பழைய கணினி ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். சூசைமாணிக்கம் தன் பேக்கேஜை எல்லோரையும் போல வலையிலிருந்து இறக்கி அதில் நிறுவினார். முருகா123 என்று அடித்தார். மிக வலுவானது என்றது தாழ்ப்பாள். அம்மாஅப்பா என்று அடித்தார். மிக வலுவானது. ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக அடித்தார். அதற்கும் அதே பாராட்டு.

விஷயம் இதுதான். ஆசை ஆசையாகச் சேர்த்த அந்தப் பட்டியலை அவர் பேக்கேஜுக்குள் வைக்கவே இல்லை. வீட்டுக் கணினியில் பட்டியல் பக்கத்திலேயே இருந்ததால் சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. வெளியே போன தாழ்ப்பாளுக்கோ பட்டியலே கிடையாது. அது போகிற வருகிறவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

தீப்பெட்டி ஆபீசில் இத்தனை வருஷம் இருந்தும் காலிப் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டேனே என்று மனிதர் கூசிப்போனார். தாழ்ப்பாளை நம்பி இந்த வாரம் யார் யார் கணக்குத் திறந்தார்களோ, அவர்களை நினைத்தபோது இன்னும் கஷ்டமாக இருந்தது. குரு திட்டவில்லை. பட்டியல் இல்லாவிட்டாலும் சத்தம் போடாமல் ஓடும்படி எழுதிய புத்திசாலி நான்தான், பாதிப் பழி எனக்கு என்று சொல்லி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருவரும் வேலையில் இறங்கினார்கள். கெட்ட வெளியீட்டைத் திரும்பப் பெற்றார்கள். பட்டியல் இல்லையென்றால் தாழ்ப்பாள் கூச்சல் போட்டு நின்றுவிட வேண்டும் என்று குரு மாற்றி எழுதினார். சீடர் பட்டியலை உள்ளே வைத்துப் புதிதாகக் கட்டினார். இந்தத் தடவை பழைய கணினியில் உரசிப் பார்த்த பிறகே ஏற்றினார். பிறகு தாழ்ப்பாளைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் அறிவிப்பு எழுத உட்கார்ந்தார். தவறு என்னுடையது, இந்த வாரம் வைத்த கடவுச்சொற்களை மாற்றச் சொல்லுங்கள் என்று எழுதி, அடியில் தன் முழுப் பெயரையும் போட்டார்.

பொட்டலத்தில் கடைசித் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தபோது கணினி மணியடித்தது. ஆறுமுகநேரியிலிருந்து ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். மனைவி பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்து வைத்தாராம். நேற்றுவரை மிக வலுவானது என்று புகழ்ந்த மென்பொருள், இன்று படு மோசம் என்கிறதாம். உங்களுக்கெல்லாம் குடும்பம் குட்டி இல்லையா என்று கேட்டிருந்தார்.

சூசைமாணிக்கத்தின் முகம் தொங்கிவிட்டது.

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டது குருவே. பொறுப்பை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது."

இசக்கியம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். கடைசிக் கடலை மிட்டாயை அவர் கையில் வைத்தார்.

"ஒருத்தர் கதவைத் தட்டுறார் அண்ணாச்சி. தட்டுறார்னா தாழ்ப்பாள் விழுந்திருக்குன்னு அர்த்தம். போய் மரியாதையாப் பதில் சொல்லுங்க. இனி அது உங்க வீட்டுக் கதவுதானே."